பழைய கார் கேள்வி – பதில்: தாத்தாவின் ஹெரால்டுக்கு மாருதி என்ஜின் பொருத்தலாமா?

கேள்வி: என் தாத்தா 1970-இல் புதிதாக வாங்கிய நான்கு கதவு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார், எட்டு ஆண்டுகளாக எங்கள் வீட்டுக் கொட்டகையில் ஓடாமல் நிற்கிறது. ஆர்.சி. புத்தகம் இருக்கிறது, என்ஜின் ஜாம் ஆகிவிட்டது. எங்கள் ஊர் மெக்கானிக், பழைய என்ஜினைக் காயலான் கடைக்குப் போட்டுவிட்டு, மாருதி என்ஜினும் அதற்குரிய கியர் பெட்டியும் பொருத்தி, முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்து, மெட்டாலிக் பெயின்ட் அடித்துத் தருவதாகச் சொல்கிறார். பின்னாளில் விற்க நேர்ந்தால் இதனால் விலை கூடுமா, குறையுமா?
– வாசகர் ஒருவர், காரைக்குடி

பதில்: குறையும். ஆனால் அவர் சொல்லும் வேலைகள் எல்லாமே ஒரே அளவில் விலையைக் குறைப்பவை அல்ல.

ஐம்பது வயதைக் கடந்த காரைத் தேடி வருபவர், ஏறி உட்கார்ந்து ஊருக்குப் போவதற்காகப் பணம் கொடுப்பதில்லை; அதற்கு அதே பணத்தில் இதைவிட வசதியான வண்டிகள் எத்தனையோ கிடைக்கும். சென்னைக்கு அருகே வண்டலூரில் இருந்த தொழிற்சாலையிலிருந்து அந்த வண்டி எப்படி வெளியே வந்ததோ, அந்த நிலையில் இன்று எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதற்குத்தான் அவர் விலை சொல்கிறார். ஆகவே ஒவ்வொரு மாற்றத்தையும் செய்வதற்கு முன்னால், நாளைக்கு இதைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆக்க முடியுமா என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.

டிஸ்க் பிரேக் அப்படிப்பட்டதுதான். எதையும் வெட்டாமல், வெல்டிங் வைக்காமல், இருக்கும் துளைகளிலேயே போல்ட் போட்டுப் பொருத்தினால், கழற்றிய டிரம்களையும் தகடுகளையும் எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டி வைத்திருக்கும் வரை, வாங்குபவர் அதைப் பெரிய குறையாக எண்ணமாட்டார். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்நேட்டர் வைப்பதும், ரேடியல் டயர் போடுவதும் இந்த வகையே. பிரேக் பிடிக்காத ‘ஒரிஜினல்’ காரை இன்றைய சாலையில் ஓட்டச் சொல்லும் அளவுக்கு நான் பழமைவாதி அல்லன்.

என்ஜின் விஷயம் வேறு. ஹெரால்டு, தனிச் சேஸிஸின், அதாவது இரும்பு அடிச்சட்டத்தின் மேல் பாடியைத் துண்டு துண்டாகப் போல்ட் போட்டு இறுக்கிய கார். பானெட்டும் முன் மட்கார்டுகளும் ஒரே துண்டாக முன்பக்கம் கவிழ்ந்து திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் வேறு கம்பெனி என்ஜினை உட்காரவைக்க வேண்டுமானால், என்ஜின் தாங்கிகளை வெட்டி, சேஸிஸில் புதிய பட்டைகளை வெல்டிங் செய்து, கியர் பெட்டிக்காகத் தரைத் தகட்டையும் கத்தரிக்க நேரும். வெட்டிய சேஸிஸை எவ்வளவு நேர்த்தியாகச் சேர்த்தாலும், அனுபவம் உள்ளவர் வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்த அடுத்த நிமிடமே அது தெரிந்துவிடும்.

இதோடு எண்களின் சிக்கலும் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் பெயின்டைப் பார்ப்பதற்கு முன்பே ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேஸிஸ் எண்ணையும் என்ஜின் எண்ணையும் வண்டியில் பொறித்திருப்பவற்றோடு ஒப்பிடுவார்கள். தொழிற்சாலையில் வைத்த என்ஜினே இன்றும் இருக்கிறது என்பதற்கு அதுதான் சான்று. சட்டமும் உங்கள் மெக்கானிக்கின் பக்கம் இல்லை: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டவற்றுக்கு மாறாகும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் அதை உறுதிசெய்தது.

ஜாம் ஆன என்ஜின் செத்துப்போன என்ஜின் அல்ல. ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றி, டீசலும் என்ஜின் ஆயிலும் கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் ஊற்றி, ஒரு வாரம் அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள். பிறகு முன்புறப் புல்லி நட்டில் ஸ்பேனரைப் போட்டுக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்துப் பார்க்கலாம். ஸ்டார்ட்டரைத் தொடவே கூடாது. அசையாவிட்டாலும் பிரித்து, சிலிண்டர்களின் உட்சுவரைக் கடைந்து ‘ரீபோர்’ செய்யலாம். அந்த 948 சி.சி. என்ஜின் இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்டிலும் இருந்ததுதான் என்பதால், பிஸ்டனும் ரிங்கும் பேரிங்கும் அங்கிருந்து வரவழைக்கக் கிடைக்கின்றன. கிடைக்காதது உங்கள் காரின் பின்கதவுகள்தான். இங்கிலாந்தில் நான்கு கதவு ஹெரால்டு செய்யப்படவே இல்லை. அது நம் ஊரில் மட்டும் உருவான வடிவம். டிங்கரிங் பட்டறையில் பின்கதவையோ அதன் கண்ணாடிச் சட்டத்தையோ ‘துரு பிடித்துவிட்டது’ என்று தூக்கி எறிந்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டிய வண்டிகளை ‘விண்டேஜ்’ என்று பதிவுசெய்ய 2021-இல் விதி வந்தது. சேஸிஸ், பாடி, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யாமல் வண்டி மூல வடிவில் இருந்தால்தான் அது கிடைக்கும். அப்படிப் பதிந்த வண்டியை அணிவகுப்பு, கண்காட்சி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். தினமும் கடைக்குப் போய்வர முடியாது. குடும்பத்தோடு ஓட்டத்தான் ஆசை என்றால் அந்தப் பதிவுக்கு அவசரப்படாமல், அதற்குரிய தகுதியை மட்டும் கெடுக்காமல் வைத்திருங்கள்.

கேள்வி: பளபளவென்று புதிதாகப் பெயின்ட் அடித்த 1966 ஃபியட், மங்கிய பழைய பெயின்ட்டோடு அதே ஆண்டு ஃபியட் – இரண்டும் ஒரே விலைக்கு வருகின்றன. எதை வாங்குவது?
– வாசகி, திருச்சி

பதில்: அடித்தகடு உளுத்துப்போகாமல் இருந்தால், மங்கியதை வாங்குங்கள். பழைய பெயின்ட்டில் துரு எங்கே இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிகிறது. புதிய பெயின்ட்டின் கீழ் என்ன இருக்கிறது என்பது அடித்தவருக்கு மட்டுமே தெரியும். சிறு காந்தம் ஒன்றை மெல்லிய துணியில் சுற்றி, கதவின் அடிப்பாகம், சக்கர வளைவு, ஹெட்லைட்டைச் சுற்றிய பகுதி என்று வைத்துப் பாருங்கள். தகடு இருக்கும் இடத்தில் ஒட்டும். பட்டி பூசிய இடத்தில் நழுவிக் கீழே விழும். சில ஆண்டுகளுக்கு முன் நான் பார்க்கப்போன ஒரு சிவப்பு ஃபியட்டில் இடப்பக்கக் கதவின் கீழ்ப்பாதி முழுவதிலும் காந்தம் நிற்கவே இல்லை. விற்பவர் அதற்கும் ‘ஒரிஜினல் பாடி’ என்றுதான் பெயர் வைத்திருந்தார். ஒருமுறை சுரண்டிய தொழிற்சாலைப் பெயின்ட் திரும்ப வராது. வண்டியின் மீதி வயதை அதை வைத்துத்தான் கணிக்கிறோம். நிறத்தையே மாற்றியிருந்தால், அந்த நிறம் ஆர்.சி.யில் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: எல்லாப் பாகங்களையும் மாற்றிய பிறகும் ஒரு காரை ‘அதே கார்’ என்று சொல்ல முடியுமா?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: லண்டன் உயர் நீதிமன்றம் 1990-இல் இதே கேள்வியை விசாரித்தது. 1929, 1930 ஆகிய இரண்டு ஆண்டுகளும் பிரான்சின் ல மான் 24 மணி நேரக் கார் பந்தயத்தில் வென்ற ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்ற பென்ட்லி காரை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், வென்ற காரின் பாகங்கள் இதில் ஏறக்குறைய எதுவுமே இல்லை என்று சொல்லிப் பின்வாங்கியது. அந்தக் கார் பந்தயங்களில் ஓடி, 1932-இல் இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் பந்தயத் தடத்தில் விபத்துக்குள்ளாகி, மறுபடி மறுபடி கட்டப்பட்டது உண்மையே. நீதிபதி ஆட்டன், இது ‘மூலக் கார்’ அல்ல, ஆனால் ‘உண்மையான’ ஓல்டு நம்பர் ஒன்தான் என்று தீர்ப்பளித்தார்: பாகங்கள் படிப்படியாக மாறினவே தவிர, அந்தக் காரின் வரலாறு எங்கும் அறுபடவில்லை, அந்தப் பெயருக்கு உரிமை கோர வேறொரு காரும் இல்லை. விற்றவர் வென்றார்.

எந்த மாற்றத்தை யார், எப்போது செய்தார் என்பதும் இப்படித்தான் எடைபோடப்படுகிறது. 2018-இல் அமெரிக்காவின் மான்டரேயில் 4.84 கோடி டாலருக்கு ஏலம்போன ஃபெராரி 250 ஜி.டி.ஓ., 1962-இல் செய்யப்பட்ட அதே உடலோடு வந்ததன்று. 1964-இல் ஃபெராரிக்குப் பாடி கட்டிய ஸ்காலியெட்டி பட்டறையே அதற்குப் புதிய வடிவப் பாடியை அணிவித்தது. பந்தயக் காலத்தில், உரிய பட்டறையில் நடந்த வேலை என்பதால் அது காரின் சரித்திரத்திலேயே சேர்ந்துவிட்டது. என்ஜினும் கியர் பெட்டியும் பிறந்தபோது இருந்தவையாகவே இருந்தன.

கேள்வி: என் 1985 அம்பாசிடரில் முந்தைய உரிமையாளர் இசுசு என்ஜின் வைத்திருக்கிறார். விற்றால் நஷ்டமா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: பின்னாளில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே அம்பாசிடரில் இசுசு என்ஜினை வைத்து விற்றதால், பார்வைக்கு உறுத்தாது; ஓட்டவும் நன்றாக இருக்கும். மாற்றம் ஆர்.சி.யில் ஏறியிருந்தால், ஓட்டுவதற்கு வாங்குபவரிடம் நியாயமான விலை கிடைக்கும். சேகரிப்பாளர் கேட்க வந்தால், பழைய 1489 சி.சி. என்ஜின் முந்தைய உரிமையாளரிடம் இன்னும் கிடக்கிறதா என்பதையே முதலில் விசாரிப்பார். அவருக்கு முன்னால் நீங்கள் விசாரித்துவிடுங்கள்.