நூறு படம் வரைஞ்சாச்சு, அடுத்து?

கேள்வி: மண்டபம் பக்கத்துக் கடற்கரைக் கிராமம் எங்களுடையது. அக்டோபரில் தொடங்கி, தினம் ஒன்றாக நூறு படம் பால்பாயிண்ட் பேனாவில் வரைந்து பொங்கலன்று முடித்தேன். எல்லாம் ஏ5 நோட்டில். படகு, நங்கூரம், மிதவை, பூநாரை, பாம்பன் பாலம் என்று நிறைய வந்துவிட்டன. மனிதர்கள் நாலே படத்தில்தான். எல்லோரும் பாராட்டினார்கள். ஆனால் ஒரு மாசமாகப் பேனாவைத் தொடவே மனம் வரவில்லை. உடனே 365 நாள் சவால் ஒன்றைத் தொடங்கினால் சரியாகிவிடுமா?

பதில்: வேண்டாம். இத்தனை நாள் உங்களை உட்காரவைத்ததில் பாதி, ராத்திரிக்குள் முடிக்க வேண்டும் என்ற கெடு. மீதி, எண்ணிக்கை ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நாலு பேர். பொங்கலோடு இரண்டும் போய்விட்டன, கை ஓய்ந்துவிட்டது. ஒரு மாச ஓய்வு போதும்.

முதலில் அந்த நோட்டுகளைக் கவனியுங்கள். மழைக்காலத்தில் வரைந்தவை, உப்புக்காற்று பட்ட தாள் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். அப்படியே பீரோவில் வைத்தால் பழுப்புப் புள்ளி விழும். நண்பகலில் நிழலில் விரித்து உலர்த்தி, காய்ந்த மெல்லிய பிரஷால் தட்டிவிடுங்கள், ஈரத்துணி கூடாது. பக்கங்களுக்கு இடையே பட்டர் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் அதிலுள்ள அமிலம் படத்தாளையும் மஞ்சளாக்கும். பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள். பால்பாயிண்ட் மை வெளிச்சத்தில் வெளுக்கும் என்பதால் அசலைச் சுவரில் மாட்டாமல் பிரிண்ட் எடுத்து மாட்டுங்கள். ஸ்கேன் 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) இருக்கட்டும். ஏ5 படம் ஏ3 ஆகும்போது நீளமும் அகலமும் இரண்டு மடங்காகும். 300-இல் எடுத்திருந்தால் 150-ஆக இறங்கி, கோடு பிசிறும்.

இனி கடைசி முப்பது படங்களை மட்டும் வரிசையாகப் பாருங்கள். அரைமணியில் முடியக்கூடியவையே அதிகம் இருக்கும். நங்கூரம் அசையாது, ராத்திரி டியூப்லைட்டிலும் வரையலாம். வலை பின்னுகிறவர் கை நிற்காது. தினக்கெடு இருந்தால் மனசு சுலபமானதைத்தான் தேடும். மனிதர்கள் நாலே படத்தில்தான் என்று எழுதியிருக்கிறீர்களே, அடுத்த வேலை அந்த வரியிலேயே இருக்கிறது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும், மராமத்தும் வலை வேலையும் நடக்கும், ஆட்கள் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். வாரம் ஒரு படம் என்று எட்டு வாரத்தில் எட்டுப் படம். மிஞ்சும் ஐந்து நாள் காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும். ஏ3 அளவில் 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) கனத் தாள் வாங்குங்கள். மெல்லிய தாள் கரைக்காற்றில் படபடக்கும். பிளைவுட்டில் நாலு மூலைக்கும் கிளிப் போட வேண்டும்.

வாரத்தின் முதல் இரண்டு நாள் நோட்டில் வலை பின்னுகிறவர் கை மட்டும் வரையுங்கள். வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருப்பார். ஊசி கண்ணிக்குள் போகும், நூல் வளையும், முடிச்சு இறுகும், மறுபடி ஊசி. இந்தச் சுற்றில் மூன்று நிலைகளை ஒரே பக்கத்தில் தனித்தனியாகத் தொடங்குங்கள். கை எந்த நிலைக்குத் திரும்புகிறதோ அந்தப் படத்தில் ரெண்டு கோடு சேருங்கள். ஒரே நிலையை விடாமல் பிடிக்கப் பார்த்தால் விரல் நீண்டுவிடும், மணிக்கட்டு காணாமல் போகும். உடம்பும் வலையும் மூன்றாம் நாள். அதன்பிறகே பெரிய தாள். உட்காருவதற்கு முன் “அண்ணே, வரைஞ்சுக்கவா?” என்று கேட்டுவிடுங்கள், முடிந்ததும் அவருக்கு ஒரு ஜெராக்ஸ் கொடுங்கள்.

தடைக்காலம் வரும்வரை வாரம் மூன்று நாள், அரைமணி நேரம், வீட்டிலேயே பழகுங்கள். வெங்காயம் உரிக்கும் அம்மா கை போதும். நடுவில் யாராவது காலண்டர் போட்டு விற்கலாமே என்பார்கள்; அந்தப் பேச்சை ஜூன் தாண்டி வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் எட்டு வாங்காமல் பன்னிரண்டாக வாங்குங்கள். முதல் இரண்டு எப்படியும் கெடும்.