"எல்லாம் ஒரிஜினல்" என்று எழுதிக் கொடுக்கலாமா?

கன்னியாகுமரி மாவட்டம் குழித்துறை பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார்: "கப்பலில் வேலை பார்த்த தாத்தா 1950களில் வாங்கி வந்த, கிப்சன் என்ற அமெரிக்கக் கம்பெனியின் பேஞ்சோ (வட்ட உடலில் தோல் போர்த்திய தந்தி வாத்தியம்) எங்கள் வீட்டில் இருக்கிறது. அப்பா காலத்தில் தோல் கிழிந்து பிளாஸ்டிக் மாட்டினார்கள், தந்தியை முறுக்கும் பிரடைகளில் இரண்டையும் மாற்றினார்கள். மற்றதெல்லாம் பழையதுதான் என்று நினைக்கிறேன். பெங்களூர்க்காரர் ஒருவர், 'எல்லாம் ஒரிஜினல்' என்று எழுதிக் கொடுத்தால் 1,80,000 ரூபாய் தருவதாகச் சொல்கிறார். கொடுத்தால் பின்னால் கேஸ் வருமா சார்?"

வரலாம். அந்த இரண்டு வார்த்தைகளை எழுதாதீர்கள்.

தோலும் பிரடையும் மாறியது உங்களுக்குத் தெரியும். தெரிந்தே "எல்லாம் ஒரிஜினல்" என்று எழுதினால் 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம், பிரிவு 17-இன்படி அது மோசடி. வாங்கியவர் போலீசுக்குப் போனால் பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 318, அதாவது பழைய 420, பேச்சில் வரும். புதுப் பிரடைக்குக் கறை பூசிப் பழசாக்கிக் காட்டுவதும் இதே கணக்குதான்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது "என்று நினைக்கிறேன்" என்ற இடம். உறுதியாகத் தெரியாததை உறுதிபோலச் சொல்லி, அது பொய்யாகிவிட்டால், நீங்கள் மனதார நம்பியிருந்தாலும் பிரிவு 18-இன்படி அது தவறான கூற்று. வாங்கியவர் ஒப்பந்தத்தையே ரத்து செய்யலாம். 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 15-ம் இருக்கிறது: விவரம் சொல்லி விற்றால் பொருள் அந்த விவரத்துக்குப் பொருந்தியே ஆக வேண்டும். "உள்ளது உள்ளபடி" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் தப்பிக்கலாம் என்று சொல்வார்கள். சொன்ன பொய்யை அந்த வரி காப்பாற்றாது.

அதனால் விற்பதற்கு முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். பழைய கிப்சனில் விலை முழுக்க மூன்று இடத்தில்: மர வளையம், அதன்மேல் தோலுக்கு அடியில் உட்காரும் உலோக டோன் ரிங், கழுத்து. பின்மூடியைக் கழற்றினால் மர வளையத்தின் உட்புறம் தொழிற்சாலை எண் இருக்கலாம். பின்மூடியின் உட்பக்கத்திலும் அதே எண் இருந்தால் நல்லது. தந்திகளை எண்ணுங்கள். 1920களில் நான்கு தந்தி பேஞ்சோ நிறைய விற்றது. பிறகு ஐந்து தந்திக்கு மவுசு வந்ததும் பலர் உடலை வைத்துக்கொண்டு கழுத்தை மட்டும் மாற்றினார்கள். உங்களுடையதில் ஐந்து இருந்தால் கழுத்தை நன்றாகச் சந்தேகப்படுங்கள். டோன் ரிங்கை நீங்களே கழற்ற வேண்டாம், விவரம் தெரிந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். தாத்தா வாங்கிய வருடத்தைத் தயாரித்த வருடமாக எழுதிவிடாதீர்கள்.

ரசீதில் பாகம் பாகமாக எழுதுங்கள். "தோல் பிளாஸ்டிக், மாற்றியது. இரண்டு பிரடைகள் மாற்றியவை. வளையத்தின் எண் இது. டோன் ரிங், கழுத்து பற்றி விற்பவர் எந்த உறுதியும் தரவில்லை. வாங்குபவர் நேரில் பார்த்துத் திருப்தியடைந்து வாங்குகிறார்." புகைப்படங்களிலும் இருவரும் கையெழுத்திடுங்கள். கிழிந்த தோலும் பழைய பிரடைகளும் பரணில் கிடந்தால் சேர்த்தே கொடுங்கள், விலை கூடும். "கிப்சன் ஐந்து தந்தி" அல்லது "நான்கு தந்தி" என்றும் தெளிவாக எழுதுங்கள். நம் ஊரில் கட்டை தட்டி வாசிக்கும் புல்புல்தரங்கையும் பேஞ்சோ என்றுதான் சொல்கிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்று. தாத்தாவுடையது அப்பாவுக்கு வந்தது, அப்பா அம்மா இருவரும் இப்போது இல்லை, திருவனந்தபுரத்தில் ஒரு அக்கா இருக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் அதில் பாதி அக்காவுடையது. உங்களைப் போன்ற கிறிஸ்தவக் குடும்பங்களில், பெண்ணுக்குச் சீதனம் கொடுத்தாயிற்று, பங்கில்லை என்று திருவிதாங்கூர் காலத்துச் சட்டத்தை இன்னும் பேசுகிறவர்கள் இந்த மாவட்டத்தில் உண்டு. 1986-இல் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பேச்சை முடித்துவிட்டது. அக்காவிடம் சம்மதக் கடிதம் வாங்கிய பிறகு பெங்களூருக்கு போன் போடுங்கள்.