மாஸ்டா எம்எக்ஸ்-5 பின்சக்கர பிரேக் பேடை வீட்டிலேயே மாற்ற முடியுமா?

முன்சக்கரத்தில் மாற்றிவிட்டேன், பின்சக்கரத்தில் பிஸ்டன் (பேடைத் தள்ளும் உருளை) உள்ளே போகவே மறுக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து சி-கிளாம்ப் (திருகி இறுக்கும் பிடிப்புக் கருவி) வைத்து அழுத்துவதை உடனே நிறுத்துங்கள். 1989 முதல் 2005 வரை வந்த முதல் இரண்டு தலைமுறை எம்எக்ஸ்-5 கார்களில், பின் காலிப்பருக்குள்ளேயே (பேடை டிஸ்க்கின் மீது அழுத்தும் பாகம்) ஹேண்ட்பிரேக்கின் திருகு அமைப்பு இருக்கிறது. பலத்தைக் காட்டினால் அதுதான் கெடும்.

ஹேண்ட்பிரேக்கை விடுவியுங்கள். முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். வெறும் ஜாக்கை நம்பி வேலை செய்யவே கூடாது. காலிப்பரின் பின்பக்கம் ஒரு 14 மி.மீ. மூடி போல்ட் இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே 4 மி.மீ. ஆலன் கீ பொருந்தும். இடஞ்சுழியாகத் திருப்பினால் பிஸ்டன் தானாக உள்ளே போகும். புதுப் பேடுகளை வைத்துக் காலிப்பரைப் பூட்டியதும், பேட் டிஸ்க்கைத் தொடும்வரை வலஞ்சுழியாகத் திருப்பி, பிறகு மூன்றில் ஒரு சுற்று பின்வாங்குங்கள். சக்கரம் கையால் தடையின்றிச் சுழல வேண்டும்.

காலிப்பரை ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் குழாய்) தொங்கவிடாதீர்கள், கம்பியால் கட்டி வையுங்கள். பேடில் கிரீஸ் படக்கூடாது.

மிக முக்கியமானது: வண்டியை நகர்த்தும் முன் பிரேக் பெடலை அது இறுகும்வரை திரும்பத் திரும்ப மிதியுங்கள். இதை மறந்தால் முதல் பிரேக்கில் வண்டி நிற்காது. பிரேக் ஆயில் அளவையும் ஒருமுறை பாருங்கள்.