வீட்டில் ஓடும் ஸ்கிரிப்ட் ஆபீஸில் ஏன் ஓடவில்லை?

கேள்வி: மண்டபத்தில் ஒரு நண்டு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகுவாரியாக எடையைக் கூட்டித் தரும் ஷெல் ஸ்கிரிப்ட் (கணினிக்கான கட்டளைகளை வரிசையாக எழுதிய கோப்பு) ஒன்றை வீட்டு மேக்புக்கில் எழுதினேன். அங்கே நன்றாக ஓடுகிறது. ஆபீஸ் உபுண்டுவில் ‘நாட் ஃபவுண்ட்’ என்கிறது, தேதி வரியிலும் பிழை காட்டுகிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு உபுண்டுவைப் புதிதாகப் போட வேண்டும் என்று சர்வீஸ்காரர் 3,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். கணினியில் கோளாறே இல்லை.

நீங்கள் அனுப்பிய ஸ்கிரிப்டைப் பார்த்தேன். கட்டளைகளைப் படித்து நடத்தும் நிரலுக்கு ஷெல் என்று பெயர், பாஷ் அதில் ஒரு வகை. முதல் வரியில் பாஷ் என்று சரியாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஓட்டும்போது கோப்பின் பெயருக்கு முன்னால் ‘எஸ்ஹெச்’ என்று தட்டுகிறீர்கள். அப்படித் தட்டினால் முதல் வரிக்கு மதிப்பே கிடையாது. மேக்கில் எஸ்ஹெச் என்றால் வருவது பாஷ்தான். உபுண்டுவில் 2006-லிருந்து டேஷ் என்கிற சின்ன ஷெல் வருகிறது. உங்கள் ஸ்கிரிப்டில் இருக்கும் இரட்டைச் சதுர அடைப்பு டேஷுக்குத் தெரியாது. அதையும் ஒரு கட்டளை என்று எண்ணித் தேடிப் பார்த்துவிட்டு, இல்லை என்று கையை விரிக்கிறது.

இன்றைக்கே வேலை நடக்க வேண்டுமானால், எஸ்ஹெச்சுக்குப் பதில் பாஷ் என்று தட்டுங்கள். நிரந்தரத் தீர்வு வேண்டுமானால் ஸ்கிரிப்டில் இரட்டை அடைப்பு, இரட்டைச் சமக்குறி இருக்கும் இடங்களில் ஒற்றை அடைப்பும் ஒற்றைச் சமக்குறியும் போதும். மாறிகளை (படகுப் பெயர் போன்ற மதிப்பைத் தாங்கும் பெயர்களை) சுற்றி இரட்டை மேற்கோள் போடவும் மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ‘அந்தோணியார் துணை’ என்ற ஒரே படகின் பெயர் நடுவில் இருக்கும் இடைவெளியில் பிரிந்து இரண்டு படகாகிவிடும்.

தேதி விஷயம் வேறு. நேற்றைய தேதியைக் கேட்க மேக்கில் ‘வி’ என்கிற குறி, உபுண்டுவில் ‘டி’ என்கிற குறி. ஒன்று மற்றதற்குப் புரியாது. இரண்டையும் மாற்றி மாற்றி முயன்று பார்க்கும்படி எழுதலாம்தான், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம். கணினிக்கு ‘நேற்று’ என்றால் காலண்டரில் முந்தைய நாள். உங்களுக்கு ‘நேற்று’ என்றால் கடைசியாக நண்டு இறங்கிய நாள். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றினால் மூன்று நாள் படகே போகாது. அப்போது ஸ்கிரிப்ட் வெறும் பூஜ்யத்தைக் கூட்டித் தரும். எனவே தேதியை ஸ்கிரிப்ட் தானாகக் கண்டுபிடிக்க வேண்டாம், ஓட்டும்போது நீங்களே கோப்பின் பெயருக்குப் பின்னால் தட்டிக் கொடுங்கள். எந்தக் கணினியிலும் ஒரே மாதிரி நடக்கும், கணக்கும் சரியாக இருக்கும்.

அப்புறம் அந்த சர்வீஸ்காரர். தொண்டிப் பக்கம் ஒரு ஐஸ் பிளான்ட்டில் இதே பிழைக்கு எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டார்கள். மூன்று வருடக் கணக்கு போய்விட்டது. புது உபுண்டுவிலும் அதே டேஷ், அதே பிழை! ‘எல்லா சிஸ்டத்திலும் ஓடும் ஸ்கிரிப்ட்’ என்று வாட்ஸ்அப்பில் விற்பவர்களிடமும் ஏமாறாதீர்கள். விண்டோஸ் நோட்பேடில் புதிதாக எழுதி அனுப்புகிறார்கள். ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து ஒட்டிக்கொண்டு வந்து, நல்ல ஸ்கிரிப்டையும் கெடுத்துவிடும்.

இத்தனைக்கும் ஷெல்லுக்கு பாசிக்ஸ் என்ற பொது விதி 1992-லேயே வந்துவிட்டது. பல கல்லூரிகளில் அதைச் சொல்லித் தருவதில்லை, பாஷ்தான் ஷெல் என்று மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். ஆப்பிளோ இன்றும் 2006-ல் வெளிவந்த 3.2 என்ற பழைய பாஷ் பதிப்பையே மேக்கில் வைத்து அனுப்புகிறது. பிள்ளைகள் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்?

சரி, உங்கள் வேலைக்கு வருவோம். ஷெல்செக் என்ற இலவசக் கருவியை ஆபீஸ் உபுண்டுவில் நிறுவுங்கள். முதல் வரியில் பாஷ் என்பதை எஸ்ஹெச் என்று மாற்றிவிட்டு ஸ்கிரிப்டை அதில் கொடுத்தால், எந்த வரி பொது விதிக்கு வெளியே போகிறது என்று அதுவே காட்டும். மேக்கில் 2019-ல் வந்த கேட்டலினா அல்லது அதற்குப் பிந்தைய மேக்ஓஎஸ் இருந்தால் டேஷும் அதிலேயே இருக்கிறது. ஆபீஸுக்குக் கொண்டுபோகும் முன், வீட்டிலேயே டேஷில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.