அப்டேட் வந்தாலும் கடை நிறம் மாறாமலிருக்க

கேள்வி: பினாங்கு லிட்டில் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை நடத்துகிறோம். ஆர்டர் எடுக்கும் வெப் செயலி எங்கள் சொந்த சர்வரில் ஓடுகிறது. கடையின் மஞ்சள் நிறம் வர வேண்டும் என்று அதன் சிஎஸ்எஸ் கோப்பை (நிறம், அளவு போன்ற தோற்றத்தைச் சொல்லும் கோப்பு) திருத்தியிருந்தேன். போன வாரம் அப்டேட் போட்டதும் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது. தமிழுக்கு மாற்றினால் பட்டனில் எழுத்தும் வெட்டுப்படுகிறது. என்ன செய்யலாம்?

பதில்: செயலியோடு வந்த கோப்பில் கை வைக்காதீர்கள். அப்டேட் அதன் மேல்தான் வந்து விழும். உங்கள் மாற்றங்களைத் தனிக் கோப்பில் எழுதி, செயலியின் கோப்புக்குப் பின்னால் ஏற்றுங்கள். பல செயலிகளில் இதற்கென்றே 'கஸ்டம் சிஎஸ்எஸ்' என்று ஒரு பெட்டி இருக்கும். முதலில் அதைத் தேடுங்கள்.

பின்னால் ஏற்றியும் நிறம் மாறவில்லையா? பட்டன் மேல் ரைட் கிளிக் செய்து 'இன்ஸ்பெக்ட்' திறந்து பாருங்கள். உங்கள் வரி மேல் கோடு அடித்திருந்தால், வேறொரு விதி அதை வென்றுவிட்டது என்று பொருள். ஐடி (ஒரே ஒரு உறுப்புக்கு வைத்த பெயர்) வைத்து எழுதிய ஒரு விதியை எத்தனை கிளாஸ் (பல உறுப்புகளுக்குப் பொதுவான பெயர்) சேர்த்து எழுதினாலும் வெல்ல முடியாது. உடனே எல்லா வரியிலும் 'இம்பார்ட்டன்ட்' (மற்ற விதிகளை மீறி இதையே எடு என்னும் குறி) போடத் தோன்றும். வேண்டாம், அடுத்த மாதம் உங்கள் விதியை நீங்களே மாற்ற முடியாமல் திண்டாடுவீர்கள். செயலி தன் நிறங்களை வேரியபிளில் (ஓரிடத்தில் பெயரிட்டு வைத்த மதிப்பில்) வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுலபம்: அந்த இரண்டு மூன்று மதிப்புகளை மாற்றினால் போதும், எல்லாப் பக்கமும் மாறிவிடும். தீபாவளிக்கு வேறு நிறம் வேண்டுமென்றாலும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது தமிழ் எழுத்து. என் மனசுக்கு இதுதான் முக்கியம். மலாயில் 'பாயார்' என்று எழுதும் அளவுக்குச் செய்த பட்டனில் 'பணம் செலுத்துங்கள்' எப்படி அடங்கும்? அகலம் ஒரு பக்கம் இருக்கட்டும், உயரத்தைக் கவனியுங்கள். 'கி'யின் மேல்விலங்கு மேலே ஏறும், 'து'வின் வால் கீழே இறங்கும். பட்டனுக்கு 40 பிக்சல் என்று உயரத்தைக் கட்டிப்போட்டால், வார்த்தை இரண்டாம் வரிக்குப் போனதும் வெட்டு விழும். நிலையான உயரத்தை எடுத்துவிட்டு மேலும் கீழும் பேடிங் (உள் இடைவெளி) கொடுங்கள். வரி உயரத்தை எழுத்தளவைப் போல் 1.6 மடங்கு வையுங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று குறித்திருந்தால், இதைத் தமிழுக்கு மட்டும் தரலாம். எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடைவெளி இருந்தால் சுழியமாக்குங்கள்.

ஐபோனிலும் விண்டோஸிலும் பார்த்துவிடுங்கள். ஐபோனில் உள்ள தமிழ் சங்கம் எம்என் நம் மலேசியர் முத்து நெடுமாறன் செய்த எழுத்துரு, விண்டோஸில் நிர்மலா யுஐ. இரண்டின் அளவும் ஒன்றல்ல.

அப்புறம் அந்த மஞ்சள். அதன் மேல் வெள்ளை எழுத்து வேண்டாம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வெளிச்ச வேறுபாடு வேண்டும் என்பது அணுகல்தன்மை (பார்வை குறைந்தவர்களும் படிக்க வசதி) விதி. பளிச்சென்ற மஞ்சளும் வெள்ளையும் அதன் பக்கத்தில்கூட வராது. அரக்கு நிறத்தில் எழுதிவிட்டு, கைப்பேசியைக் கடை வாசல் வெயிலில் பிடித்து விலையைப் படித்துப் பாருங்கள்.