ஒரே பிடியில் எடுத்து அழிப்பது: கெர்னல் ஹாஷ் மேப் கேள்வி பதில்

லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் சிறு புரோகிராம்களை ஓட்டும் வசதிதான் பிபிஎஃப்; கீ (தேடும் பெயர்), மதிப்பு என்ற ஜோடிகளாக அது தரவை வைக்கும் அட்டவணை ஹாஷ் மேப். அதில் ஒரு பதிவைப் படிப்பதையும் அழிப்பதையும் ஒன்றாகச் செய்யும் ‘லுக்கப் அண்ட் டெலீட்’ பற்றிக் கேட்கச் சொல்லியிருந்தேன். வந்த வரிசையிலேயே பதில் தருகிறேன்.

கேள்வி: லுக்கப், டெலீட் இரண்டும் தனித்தனியாக இருக்கின்றனவே, சேர்த்து ஒன்று எதற்கு?

ஒவ்வொரு ஐபி முகவரியும் எத்தனை பைட் அனுப்பியது என்று கெர்னலுக்குள் ஒரு பிபிஎஃப் புரோகிராம் எண்ணி மேப்பில் வைக்கிறது என்று வையுங்கள். வெளியே உங்கள் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) பத்து விநாடிக்கு ஒருமுறை வந்து எண்ணிக்கையை வாங்கிக்கொண்டு பதிவை அழிக்கிறது. லுக்கப்பில் 12,000 வந்தது. டெலீட் போய்ச் சேருவதற்குள் 1,500 பைட் பாக்கெட் ஒன்று வந்து எண்ணிக்கை 13,500 ஆகிவிட்டது. டெலீட் அதையும் சேர்த்துத் துடைத்துவிடும், அந்த 1,500 எந்தக் கணக்கிலும் வராது. நடுவில், சிபியு நேரத்தைப் பங்கிடும் ஷெட்யூலர் உங்கள் டீமனை ஓரமாக உட்கார வைத்துவிட்டால் இடைவெளி இன்னும் நீளும்.

இந்தக் கட்டளை 2018இல் 4.20 கெர்னலில் வந்தபோது க்யூ, ஸ்டாக் மேப்புகளுக்கு மட்டும்தான். ஹாஷுக்கும் அதன் பெர்-சிபியு (ஒவ்வொரு சிபியுவுக்கும் தனி மதிப்பு), எல்ஆர்யு (இடம் நிரம்பினால் நெடுநேரம் தொடாத பதிவைத் தானே நீக்குவது) வகைகளுக்கும் 2021இல் 5.14இல்தான் வந்தது. உள்ளே நடப்பது எளிது: அந்தக் கீ இருக்கும் பக்கெட்டின் (மேப்பின் ஒரு சிறு பிரிவு, பதிவுகளின் சங்கிலி) லாக்கைப் பிடித்து, பதிவைத் தேடி, மதிப்பை நகலெடுத்து, சங்கிலியிலிருந்து கழற்றி, லாக்கை விடுகிறது. ஒரே பதிவை இரண்டு டீமன்கள் கேட்டால் ஒன்றுக்குத்தான் கிடைக்கும்.

ஆனால் இதை நன்றாக மனதில் வையுங்கள். கெர்னலுக்குள் ஓடும் புரோகிராம் லுக்கப் செய்யும்போது அந்த லாக்கைத் தொடுவதே இல்லை. ஆர்சியு (லாக் இல்லாமலே படிக்கவிடும் கெர்னல் முறை) பாதுகாப்பில் நடந்துபோய் நேராக ஒரு பாயிண்டரை, அதாவது மதிப்பு இருக்கும் இடத்தின் முகவரியை, வாங்கிக்கொள்கிறது. நீங்கள் நகலெடுப்பதற்குச் சற்று முன் பாயிண்டர் வாங்கிய புரோகிராம், நீங்கள் அழித்த பிறகும் அதே இடத்தில் கூட்டிக்கொண்டிருக்கலாம். அதைவிடக் கொடுமை, மேப்பின் பதிவுகள் வழக்கமாக முன்கூட்டியே ஒதுக்கப்பட்டவை என்பதால் அழித்த இடம் அப்போதே வேறொரு கீக்குப் போய்விடலாம், அப்படியானால் அந்தக் கூட்டல் அடுத்தவர் கணக்கில் விழும். இடைவெளி மிகவும் சுருங்குகிறது, மூடுவதில்லை.

கேள்வி: பிபிஎஃப் புரோகிராமுக்குள்ளிருந்தே இதைக் கூப்பிடலாமா?

முடியாது, இது சிஸ்டம் கால் (வெளி நிரல் கெர்னலைக் கூப்பிடும் முறை) வழியாக மட்டும். உள்ளே வேண்டுமென்றால் லுக்கப் செய்து, மதிப்பைப் புரோகிராமின் சொந்த ஸ்டாக் நினைவில் நகலெடுத்து, அப்புறம் டெலீட் செய்யுங்கள். இரண்டு சிபியுக்கள் போட்டிபோட்டாலும் டெலீட் ஒன்றுக்குத்தான் 0 தரும். 0 கிடைத்தவர் மட்டும் நகலைப் பயன்படுத்தட்டும்.

கேள்வி: 524 என்று ஒரு பிழை வருகிறது, எந்தப் பட்டியலிலும் இல்லையே?

கெர்னலுக்குள் ‘இந்த மேப்புக்கு இந்த வேலை கிடையாது’ என்பதற்கு வைத்திருக்கும் எண் அது. அர்ரே மேப்பில் கூப்பிட்டிருப்பீர்கள், அல்லது உங்கள் கெர்னல் 5.14க்கு முந்தையது.

கேள்வி: அட்டாமிக் (நடுவில் யாரும் புகாமல் ஒரே செயலாக நடப்பது) என்றால் எண்ணிக்கை பைசா பிசகாமல் வரும்தானே?

வராது. முதல் பதிலின் கடைசிப் பத்தியைப் படியுங்கள்.

கேள்வி: பேட்ச் வடிவம் (பல பதிவுகளை ஒரே அழைப்பில் எடுத்து அழிப்பது) முழு மேப்பையும் ஒரே நொடியில் உறைய வைத்து எடுக்கிறதா?

இல்லை. 5.6இல் வந்த அந்தப் பேட்ச் கட்டளை ஒரு நேரத்தில் ஒரு பக்கெட்டின் லாக்கைத்தான் பிடிக்கிறது. பத்தாவது பக்கெட்டுக்கு வரும்போது முதல் பக்கெட்டில் புதுப் பதிவுகள் சேர்ந்திருக்கும். ஒரு பக்கெட் முழுவதும் உங்கள் பஃபரில் (விடையை வாங்க ஒதுக்கிய நினைவிடம்) அடங்காவிட்டால் இடமில்லை என்று பிழை வரும், பஃபரைப் பெரிதாக்கி மறுபடி கூப்பிடுங்கள்.

கேள்வி: இந்த வசதியே வீண். இரண்டு மேப் வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துவதுதான் ஒரே சரியான வழி. ஏன் அதைச் சொல்லாமல் மறைக்கிறீர்கள்?

மறைக்கவில்லை, இன்னும் அந்த இடத்துக்கு வரவில்லை, அவ்வளவுதான். மேப்புக்குள் மேப் வைத்து, உள் மேப்பை மாற்றிவிட்டுப் பழையதை நிதானமாகப் படிப்பது நல்ல வழி. யூசர் ஸ்பேஸிலிருந்து (கெர்னலுக்கு வெளியே இருந்து) உள் மேப்பை மாற்றும்போது, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் சாதாரண புரோகிராம்கள் முடியும்வரை கெர்னலே காத்திருந்துதான் திரும்பும். அதற்குப் பிறகு பழைய மேப்பில் யாரும் எழுதமாட்டார்கள். மாதக் கட்டணக் கணக்குக்கு நானும் இதையே சொல்வேன்.

(அதே நண்பர் திரும்பவும்: அப்படியானால் ஒப்புக்கொள்கிறீர்கள், லுக்கப் அண்ட் டெலீட் தேவையில்லை.)

ஒப்புக்கொள்ளவில்லை. ஒரு கோரிக்கை தொடங்கிய நேரத்தை மேப்பில் எழுதி வைத்து, முடிந்ததும் டீமன் அந்த ஒரே ஒரு பதிவை எடுக்க வேண்டும் என்றால், அதற்காக மேப்பையே மாற்றுவீர்களா? பாதியில் இருக்கும் மற்ற கோரிக்கைகளின் கதி என்ன? நினைவகத்தையும் பாருங்கள். 64 சிபியு இயந்திரத்தில் பெர்-சிபியு ஹாஷ், 8 பைட் எண்ணிக்கை மதிப்பு, ஒரு லட்சம் பதிவு என்றால் மதிப்புகளுக்கு மட்டும் ஐந்து கோடி பைட்டுக்கு மேல். அதையே இரட்டிப்பாக்கச் சொல்கிறீர்கள். மொத்தமாக வாரும்போது மேப்பை மாற்றுங்கள், ஒற்றைப் பதிவைப் பிடுங்கும்போது லுக்கப் அண்ட் டெலீட். இதில் நான் பின்வாங்கமாட்டேன்.

கேள்வி: எல்ஆர்யு மேப்பில் கூப்பிட்டால் எதுவும் தொலையாதா?

நீங்கள் வருவதற்கு முன்பே எல்ஆர்யு தானாகப் பதிவைத் தூக்கி எறிந்திருக்கும், அதை யாராலும் மீட்க முடியாது. கணக்கு முக்கியமென்றால் எல்ஆர்யு வேண்டாம்.

கேள்வி: மதிப்புக்குள் ஸ்பின் லாக் (கிடைக்கும்வரை சுற்றிக் காத்திருக்கும் பூட்டு) வைத்தால் கணக்கு சரியாகிவிடுமா?

மூன்றாவது முறையாக அதே கேள்வி, வேறு உடையில். அந்த லாக்கையும் பிடிக்கச் சொல்லும் கொடியோடு கூப்பிட்டால் மதிப்பு பாதி பழையது பாதி புதியது என்று கிழிந்து வராது, அது உண்மையான பலன். பாயிண்டரோடு காத்திருக்கும் புரோகிராம் அழிந்த பதிவில் எழுதுவதை அது தடுக்காது.

கேள்வி: பெர்-சிபியு ஹாஷில் கூப்பிட்டதும் என் டீமன் விழுந்துவிடுகிறது.

பஃபர் சிறியது. மதிப்பின் அளவை 8இன் மடங்குக்கு உயர்த்தி, இருக்கக்கூடிய எல்லா சிபியு எண்ணிக்கையாலும் பெருக்குங்கள். இப்போது விழித்திருக்கும் சிபியுக்களை எண்ணாதீர்கள், நான் இதிலேயே இரண்டு நாள் தொலைத்திருக்கிறேன். பஃபரின் முகவரி தவறாக இருந்தால் இன்னும் மோசம்: மதிப்பை உங்களிடம் நகலெடுக்கும் முன்பே பதிவு கழற்றப்பட்டுவிடும், கையில் பிழை எண் மட்டும் மிஞ்சும், மறுபடி கேட்டால் அந்தக் கீ இல்லை என்றே பதில் வரும்.