சம்பளம் 30,000 ஆனால் வேலை போய்விடுமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

இலங்கையில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபாய். அதைப் பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: "சம்பளத்தைக் கூட்டச் சொன்னால் ஆட்களைத்தான் குறைக்க வேண்டிவரும்" என்கிறார் எங்கள் முதலாளி. உண்மையா? (துணிக்கடை ஊழியர், புறக்கோட்டை)

பதில்: எவ்வளவு கூட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. 1992இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் குறைந்தபட்ச மணிக்கூலியை 4.25 டொலரிலிருந்து 5.05 ஆக்கியது. பக்கத்து மாநிலம் பென்சில்வேனியா கூட்டவில்லை. பொருளியலாளர்கள் டேவிட் கார்ட், அலன் குரூகர் இருவரும் இரண்டு பக்கத்திலும் 400 சாப்பாட்டுக் கடைகள் வரை விசாரித்தார்கள். கூட்டிய பக்கத்தில் ஆள் குறையவில்லை. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. சியாட்டில் நகரில் கூலி 13 டொலருக்குப் போனபோது, குறைந்த சம்பளக்காரருக்குக் கிடைத்த வேலை மணித்தியாலம் குறைந்ததாக ஓர் ஆய்வு சொன்னது. ஆகவே வேலை போகிறதா என்று மட்டும் பார்க்காதீர்கள், மணித்தியாலத்தையும் பாருங்கள்.

நம் ஊர்க் கணக்கு வேறு. 2021இல் சட்டப்படி குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500, அதற்கு மேல் நிவாரணப்படி 3,500, ஆக 16,000. அதன்பின் கொழும்பில் விலைவாசி ஏறக்குறைய இரட்டிப்பாகிவிட்டது. இன்றைய 30,000 அன்றைய 16,000க்கு மேல் எதையும் வாங்காது. அன்று அந்தச் சம்பளத்தைக் கொடுத்த கடையால் இன்று இதைக் கொடுக்க முடியாது என்றால் நான் நம்பமாட்டேன்.

கேள்வி: 17,500இலிருந்து 30,000. ஒரே தடவையில் 12,500 ரூபாயை எந்த முதலாளி தாங்குவார்? (கடை உரிமையாளர், கொட்டாஞ்சேனை)

பதில்: கணக்கைச் சரியாகப் போடுங்கள் ஐயா. 3,500 படி ஏற்கெனவே நீங்கள் கொடுக்க வேண்டியது. 21,000இலிருந்து 2025 ஏப்ரலில் 27,000, 2026 ஜனவரியில் 30,000. உயர்வு 9,000, அதுவும் இரண்டு கட்டமாக.

கேள்வி: 30,000 என்றார்கள், கைக்கு 27,600தான் வருகிறது. ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. உங்கள் ஈ.பி.எப் (ஊழியர் சேமலாப நிதி) பங்கு 8 வீதம். முதலாளி தன் பங்காக 12 வீதமும் ஈ.டி.எப் (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதமும் கட்டுகிறாரா என்று பாருங்கள். சம்பளச் சீட்டை எறியாதீர்கள்.

கேள்வி: ஓ.டி. (மேலதிக நேரக் கூலி) சேர்த்தால் 30,000 வருகிறது என்கிறார்கள்.

பதில்: செல்லாது.

கேள்வி: இரத்மலானையில் 7 வருடமாக வேலை. 60 பேர் இருக்கிறோம். "விலகல் கடிதம் தாருங்கள், மேன்பவர் கம்பனி (மற்ற இடங்களுக்கு ஆள் அனுப்பும் கம்பனி) மூலம் மறுநாளே எடுக்கிறோம், புதிய சம்பளமும் தருகிறோம்" என்கிறார்கள். கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். சம்பளம் கூடும் ஒவ்வொரு முறையும் இந்தக் கடிதம்தான் வருகிறது, ஒவ்வொரு முறையும் நானும் இதையேதான் எழுதுகிறேன். 15 பேருக்குக் குறையாத இடத்தில், ஒழுக்காற்றுக் காரணம் இல்லாமல் ஆளை நிறுத்த உங்கள் எழுத்துமூலச் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ வேண்டும். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அனுமதி கேட்டால் நட்டஈடும் கொடுக்க வேண்டிவரும்: முதல் 5 வருடத்துக்கு வருடத்துக்கு இரண்டரை மாதச் சம்பளம், அடுத்து 14ஆம் வருடம் வரை இரண்டு மாதம். உங்கள் 7 வருடத்துக்குப் பதினாறரை மாதம், கிட்டத்தட்ட 5 இலட்சம். வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடை ஒரு இலட்சம் போல வேறு. நீங்களே விலகினாலும் பணிக்கொடை உண்டு, ஆனால் அந்த 5 இலட்சம் இல்லை. மேன்பவர் கம்பனியில் உங்கள் சேவைக்காலம் முதல் நாளிலிருந்து தொடங்கும், அங்கே பணிக்கொடை கேட்க இன்னும் 5 வருடம் வேண்டும்.

பொடியன்கள் கொண்டுவந்து காட்டும் கடிதங்கள் எனக்கு மனவருத்தம் தருகின்றன. ஆங்கிலத்தில் அடித்திருக்கும், திகதி இடத்தில் ஒன்றும் இருக்காது, கீழே "எனது சொந்த விருப்பில்" என்ற பொருளில் ஒரு வரி, அதன்கீழ் தமிழில் கையெழுத்து. வாசிக்காததில் கையெழுத்துப் போடாதீர்கள். ஏற்கெனவே போட்டுவிட்டால் காத்திருக்காமல் நாரஹேன்பிட்டி தொழில் செயலகத்துக்குப் போங்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம். வேலை முடிந்த திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தால் வாசல் மூடிவிடும்.

கேள்வி: வீட்டு வேலை செய்பவருக்கும் 30,000 உண்டா?

பதில்: குறைந்தபட்ச சம்பளச் சட்டத்தில் வீட்டுப் பணியாளர் சேர்க்கப்படவில்லை. பெரிய அநியாயம் இது.

கேள்வி: தேயிலைத் தோட்டத்தில் அம்மாவின் நாட்சம்பளம் கூடியது. மாத முடிவில் கையில் அதே காசுதான். ஏன்? (வெள்ளவத்தை)

பதில்: ஒரு நாளில் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவைக் கூட்டியிருப்பார்கள். அவ்வளவு எடுக்காத நாளில் அரைப்பெயர், அதாவது அரைநாள் சம்பளம்தான் விழும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ஆனபோதும் பல தோட்டங்களில் இப்படித்தான் நடந்தது. எத்தனை முழுப்பெயர், எத்தனை அரைப்பெயர் என்று அம்மாவைக் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சம்பளம் குறைவாகத் தருகிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: மாதச் சம்பளமா நாட்சம்பளமா, எத்தனை பேர், எத்தனை வருடம், ஒன்றுமே எழுதவில்லை. நாட்சம்பளம் என்றால் 1,200க்குக் குறையக்கூடாது. மற்றதை எழுதி அனுப்புங்கள்.

கேள்வி: எங்கள் கடையில் ஆறு பேர்தான். சம்பளம் கேட்டதற்கு என்னை நிறுத்திவிட்டார்.

பதில்: 1971 சட்டம் உங்களுக்குப் பொருந்தாது. வேலை வழக்குகளை விசாரிக்கும் தொழில் நியாயசபைக்குப் போகலாம், அங்கும் ஆறு மாதத்துக்குள். நிறுத்திய திகதியை இன்றே எழுதி வையுங்கள், சம்பளச் சீட்டு இல்லாவிட்டால் வங்கிப் புத்தகத்தையும் ஈ.பி.எப் அட்டையையும் கொண்டுபோங்கள்.